ஐஸ் கியூப் தனியாகப் பாடவில்லை

புகழ்பெற்ற ராப் குழு ஒன்றிலிருந்து ஒருவர் விலகித் தன் பெயரில் முதல் ஆல்பம் போட்டால், அதை ஒற்றை மனிதரின் துணிச்சல் கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். 1990 மே மாதம் அமெரிக்காவில் வெளிவந்த ஐஸ் கியூபின் ‘அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்’ ஆல்பத்தைப் பற்றியும் இப்படித்தான் எழுதுகிறார்கள். அப்போது அவருக்கு வயது 20. துணிச்சல் நிச்சயம் இருந்தது. ஆனால் அந்த ஆல்பம் உருவான விதத்தைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. உழைப்புக்கு உரிய கணக்குக் கிடைக்காத கூட்டத்தை விட்டு வந்தவர், தன் எழுத்தை மதிக்கும் இன்னொரு கூட்டத்தைத் தேடிச் சேர்ந்தார். ஆல்பத்தின் பலம் அந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸின் தென்பகுதியில் வளர்ந்த ஓ’ஷே ஜாக்சன்தான் ஐஸ் கியூப். பக்கத்து ஊரான காம்ப்டனில் ஈஸி-ஈ, டாக்டர் டிரே ஆகியோருடன் சேர்ந்து அவர் இயங்கிய குழு என்.டபிள்யூ.ஏ. 1980-களின் இறுதியில் வந்த ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பம் வானொலியின் தயவு ஏறக்குறைய இல்லாமலே பத்து லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அதில் காவல்துறையைச் சாடிய பாடலுக்காக எஃப்.பி.ஐ. உயரதிகாரி ஒருவர் விநியோக நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதமே எழுதினார். இந்தப் புகழுக்குப் பின்னால் இருந்த வேலைப் பங்கீட்டைக் கவனிக்க வேண்டும். குழுவின் பாடல் வரிகளில் பெரும்பங்கு கியூப், குழுவின் இன்னொரு உறுப்பினர் எம்.சி. ரென் ஆகியோரின் பேனாவிலிருந்து வந்தது. ஈஸி-ஈயைப் பிரபலமாக்கிய ‘பாய்ஸ்-என்-த-ஹூட்’ பாடலை எழுதியவரும் கியூப்தான். ரூத்லெஸ் என்ற இசை நிறுவனமோ ஈஸி-ஈ, மேலாளர் ஜெர்ரி ஹெல்லர் இருவரின் கையில் இருந்தது. தனக்குச் சேர வேண்டிய பணம் வரவில்லை என்றார் கியூப். கணக்கில் எந்தத் தவறும் இல்லை என்று ஹெல்லர் கடைசிவரை மறுத்தார். நீட்டப்பட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமல் 1989 இறுதியில் கியூப் வெளியேறினார்.

பணத்துக்காகப் போனவரைக் கலைக்காகப் போனவர் போலக் காட்டலாமா என்று சிலர் கேட்பதுண்டு. எழுதியவருக்குக் கூலி கேட்கும் உரிமை கலைக்கு வெளியே நிற்கும் விஷயம் என்று நான் நினைக்கவில்லை. அடுத்து நடந்ததும் கியூபின் பக்கம்தான் சாய்கிறது. அவர் இல்லாமலே குழு வெளியிட்ட 1991 ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது; ஆக, குழுவின் சந்தை மதிப்பு குறையவில்லை. ஆனால் அதே ஆண்டில் ஒப்பந்தத் தகராறின் பேரிலேயே டிரேயும் வெளியேற, குழு முடிந்துபோனது.

தன் ஆல்பத்துக்கு டிரேதான் இசையமைக்க வேண்டும் என்று கியூப் விரும்பினார். ரூத்லெஸ் தரப்பு இடம் கொடுக்கவில்லை. வாசல் அடைபட்ட பிறகுதான் அவர் நியூயார்க்குக்குப் போனார். அங்கே பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவின் சக் டி, ஹாங்க் ஷாக்லி, எரிக் சாட்லர் முதலானோர் ‘பாம் ஸ்குவாட்’ என்ற பெயரில் இசையமைத்து வந்தார்கள். பழைய ஃபங்க், சோல் இசைத்தட்டுகளிலிருந்து நொடிக்கணக்கிலான துண்டுகளை வெட்டி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, சைரனும் கூச்சலும் பேச்சும் கலந்த இரைச்சலைத் தாளமாக மாற்றுவது அவர்கள் வழி. இப்படி வெட்டி எடுப்பதைத்தான் சாம்பிளிங் என்கிறார்கள். அமெரிக்காவின் மேற்குக் கரை ராப்பும் கிழக்குக் கரை ராப்பும் ஒன்றையொன்று தள்ளி வைத்துப் பார்த்த காலத்தில், ஒரு கரையின் கதைசொல்லி மறுகரையின் இசைக்காரர்களை நம்பிப் போனது பெரிய முடிவு.

அப்படியானால் பெருமை பாம் ஸ்குவாடுக்குத்தானே என்று கேட்கலாம். பப்ளிக் எனிமி ஆல்பங்களோடு இதை வைத்துக் கேட்டுப் பாருங்கள்: தாளம் இங்கே கொஞ்சம் தளர்ந்து, ஃபங்க் இசையின் ஆட்டம் தூக்கலாக இருக்கிறது. கியூப் தன்னோடு அழைத்துச் சென்ற சர் ஜின்க்ஸ் என்ற இசையமைப்பாளரின் கை அதில் உண்டு. அவர் டிரேயின் உறவினர் என்பது இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று. எழுத்தும் கியூபுடையதே. ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் த ப்ராஜெக்ட்ஸ்’ பாடலில், ஒரு பெண்ணைப் பார்க்க அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகும் இளைஞன், அந்த வீட்டில் நடக்கும் போதை வியாபாரத்தின் நடுவே போலீஸ் சோதனையில் மாட்டிக்கொள்கிறான். சிறுகதைக்குரிய சிக்கனம் அதில் இருக்கிறது. 1991 இறுதியில் பாம் ஸ்குவாட் துணையில்லாமல் அவர் வெளியிட்ட ‘டெத் சர்டிஃபிகேட்’ இரண்டாம் இடம் வரை ஏறியது. அந்த ஒன்றே இந்தக் கேள்விக்குப் போதுமான பதில்.

பெண்களைப் பற்றிய அவர் வரிகளுக்கு இப்படிப் பதில் சொல்லிவிட முடியாது. கர்ப்பிணி ஒருத்தியின் மீது வன்முறையை நினைத்துப் பார்க்கும் ‘யூ கான்ட் ஃபேட் மீ’ பாட்டைக் கற்பனைப் பாத்திரத்தின் பேச்சு என்று சொல்லித் தப்பிக்க நான் தயாராக இல்லை. அது கொடுமையான பாட்டு. ஆனால் அதே ஆல்பத்தில் ‘இட்ஸ் எ மேன்ஸ் வேர்ல்ட்’ பாடலில் யோ-யோ என்ற இளம் பெண் ராப்பர் கியூபின் ஆணவத்துக்கு நேருக்கு நேர் பதில் கொடுக்கிறார், சளைக்கவும் இல்லை. அடுத்த ஆண்டு அவருடைய முதல் ஆல்பத்தின் தயாரிப்பிலும் கியூப் பங்கெடுத்தார். இதனால் முதல் பாட்டு நியாயமாகிவிடாது. எதிர்க்குரலுக்கும் இந்தப் புதிய கூட்டத்தில் இடம் இருந்தது என்பது மட்டும் தெரிகிறது.

தெற்கு லாஸ் ஏஞ்சலிஸ் 1992-ல் கலவரத்தில் எரிந்தபோது நாடு அதிர்ந்தது. காவல்துறைக்கும் கறுப்பின இளைஞர்களுக்கும் இடையில் கனன்றுகொண்டிருந்த கோபத்தை இந்த ஆல்பம் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே பதிவு செய்திருந்தது. சக் டியும் சேர்ந்து பாடிய ‘என்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ்’ அதற்குச் சான்று. ஒலி வடிவத்தில் இந்த ஆல்பத்தைப் போல ஒன்றைத் திரும்பச் செய்வதும் கடினம்: 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான வழக்கில், அனுமதி பெறாத சாம்பிளிங்குக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ஒரே பாட்டில் ஏராளமான இசைத்துண்டுகளை அடுக்குவது கட்டுப்படியாகாத செலவாகிவிட்டது. கேட்க விரும்பும் பெரியவர்கள் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம்’ பாடலில் தொடங்கலாம். பிறகு, அந்தக் கொடுமையான பாட்டையும் யோ-யோவின் பதிலையும் தவிர்க்காமல், ஆல்பம் முழுவதையும் கேளுங்கள்.