உங்களுக்குத் தெரியுமா? தேனீ போதிய அளவு வராவிட்டால் தர்பூசணி கோணிப்போகும்!

கோடையில் விழுப்புரம் மாவட்டத் திண்டிவனம் நெடுஞ்சாலையோரம் மலைபோல் குவிந்து கிடக்கிறதே தர்பூசணி, அதன் ஒவ்வொரு காயும் தேனீக்களின் உழைப்பு.

தர்பூசணிக் கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பெண் பூவை அடையாளம் காண்பது எளிது: பூவுக்கு அடியிலேயே கோலிக்குண்டு அளவில் ஒரு பிஞ்சு இருக்கும். காலையில் விரியும் பூ அன்று பிற்பகலுக்குள் வாடிவிடும். ஒட்டும் தன்மையுள்ள மகரந்தத்தைக் காற்று சுமக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் பலமுறை வந்து போக வேண்டும். பெண் பூவில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடியின் மூன்று மடல்களிலும் மகரந்தம் சீராகப் படியாவிட்டால் காய் ஒரு பக்கம் சூம்பும். படியவே இல்லையென்றால் பிஞ்சு கருகி உதிரும்.

திண்டிவனம் என்ற பெயரே ‘திந்திரிணீவனம்’, அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். அந்தப் புளியம்பூவுக்கும் தேனீதான் துணை.

ஐ.நா. சபை மே 20ஆம் தேதியை உலகத் தேனீ தினமாக 2017இல் அறிவித்தது. விழுப்புரம் மாவட்ட விவசாயிகளே, தேனீக்களைக் காக்க, பூக்கும் பருவத்தில் காலை நேரத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தவிர்க்க முடியாவிட்டால், பூக்கள் வாடிய பின் மாலையில் தெளியுங்கள். வரப்போரத்துத் தேன்கூட்டுக்குத் தீ வைக்காதீர்கள்.