கூடாரத்துக்குள் வந்த நாடகம்

2020 மார்ச்சில் கொரோனா பரவியதும் அமெரிக்க நாடக அரங்குகள் வரிசையாக மூடப்பட்டன. அடுத்த மாதமே நாடகம் கணினித் திரைக்கு வந்துவிட்டது. ரிச்சர்ட் நெல்சன் எழுதிய ஒரு நாடகத்தில், வீடுகளில் அடைபட்ட உடன்பிறப்புகள் ஜூம் வழியே பேசிக்கொள்கிறார்கள். நடிகர்களும் அவரவர் வீட்டிலிருந்தே நடித்தார்கள்.

இருந்தாலும், எதிரே ஆள் உட்கார்ந்து பார்க்காமல் நாடகம் நிறைவு பெறுமா? அதற்கு ஆகஸ்டில் வழி கண்டது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிட்ஸ்ஃபீல்டு என்ற சிறு நகரம். அங்கே பேரிங்டன் ஸ்டேஜ் குழு, ஒரே நடிகர் நடிக்கும் நாடகத்தைத் திறந்தவெளிக் கூடாரத்துக்கு மாற்றியது. பெர்க்‌ஷயர் நாடகக் குழுவோ இன்னும் துணிந்து, கலோனியல் அரங்கின் பக்கத்தில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில் கூடாரம் போட்டு, ‘காட்ஸ்பெல்’ இசை நாடகத்தையே அரங்கேற்றியது. நடிகர் சங்கத்தின் அனுமதியும் கிடைத்தது.

வாய்விட்டுப் பாடினால் எச்சில் தெறிக்குமே! அதனால் நடிகர்களுக்கு நடுவே கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தடுப்புகளை வைத்தார்கள். ஒருவரையொருவர் தொடக் கூடாது. அன்பையும் தோழமையையும் சொல்லும் அந்த நாடகத்தை, தள்ளித் தள்ளி நின்றே பாடி நடித்தார்கள். எதிரே, முகக்கவசத்தோடு இடம்விட்டு அமர்ந்திருந்தார்கள் ஊர் மக்கள்.