ஹைட்ரஜன் ஷேர் வாங்கப் போறீங்களா? முதல்ல பிளாட்டினம் கணக்கைப் பாருங்க!

"ஹைட்ரஜன்தான் அடுத்த பெட்ரோல், இப்பவே ஷேர் வாங்கிப் போடு"ன்னு உங்க ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் டிப்ஸ் வந்திருக்கும். சம்பளப் பணத்தைப் போடுறதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தைத் தெரிஞ்சுக்கோங்க.

கார்ல வைக்கிற ஃப்யூயல் செல்லுக்குள்ள ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும். அப்போ கரண்ட் கிடைக்கும். ஹைட்ரஜன் பக்கம் வேலை சட்டுனு முடியும். ஆக்சிஜன் பக்கம்தான் இழுக்கும். அதனால அந்த எலக்ட்ரோடுக்குத்தான் பிளாட்டினம் அதிகம் செலவாகுது. ஆனா பிளாட்டினம் ஆக்சிஜனைக் கொஞ்சம் இறுக்கமாவே பிடிச்சுக்கும். மெஸ்ல சாப்பிட்டு முடிச்சும் இலையை விட்டு எழாத ஆள் மாதிரி! அடுத்தவருக்கு இடம் கிடைக்காது. கோபால்ட், நிக்கல் மாதிரி உலோகம் கலந்தா அந்தப் பிடி தளரும், வேலை வேகமாகும்.

இப்ப பணக் கணக்குக்கு வருவோம்.

1. லேப் வேற, ரோடு வேற. 2007-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகக் குழு, பிளாட்டினம்-நிக்கல் கலவையின் ஒரு படிகப் பரப்பு, அதேபோன்ற சுத்த பிளாட்டினத்தைவிட 10 மடங்கு வேகம்னு காட்டினாங்க. ஆனா செல்லுக்குள்ள இருக்கிற அமிலச் சூழல்ல நிக்கல் மெல்ல மெல்லக் கரைஞ்சு வெளியேறும். 2014 டிசம்பர்ல விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் கார்ல இருந்தது பிளாட்டினம்-கோபால்ட் கலவை.

2. கலவை ஜெயிச்சா பிளாட்டினம் குறைவாப் போதும். "ஹைட்ரஜன் கார் வருது, பிளாட்டினம் விலை ஏறும்"னு வாங்குறவங்க இதை மறந்துடுறாங்க. இந்த ஆராய்ச்சியோட நோக்கமே ஒரு காருக்கான பிளாட்டினத்தைக் குறைக்கிறதுதான்.

3. டெக்னாலஜி நிஜம், ஷேர் விலை வேற கதை. கனடாவின் பல்லார்ட் பவர் ஃப்யூயல் செல் கம்பெனி. 2000-ல் அதோட ஷேர் 100 டாலரைத் தாண்டுச்சு. 2012-ல் ஒரு டாலருக்கும் கீழ! கம்பெனி மூடலை, செல்லும் வேலை செஞ்சுது. போட்ட பணம்தான் திரும்பலை.

அதனால டிப்ஸ் வந்தா மூணு கேள்வி கேளுங்க: இது லேப்லயா, ரோட்லயா? எத்தனை வருஷம் தாங்கும்? கம்பெனிக்கு லாபம் வருதா? பதில் இல்லைன்னா உங்க எஸ்ஐபி, எமர்ஜென்சி ஃபண்ட் ரெண்டுலயும் கை வைக்காதீங்க. ஆசை இருந்தா, முழுசாப் போனாலும் தூக்கம் கெடாத தொகையை மட்டும் போடுங்க.

இது முதலீட்டு ஆலோசனை இல்லை, தகவலுக்காக மட்டும். அடுத்த வீடியோல சந்திப்போம்!