கடைக் கணினிக்குத் தூரத்திலிருந்து வைத்தியம்: இலவசமா, கட்டணமா?



பேரேடும் பில் புத்தகமும் கணினிக்குள் போய் ஆண்டுகள் பலவாகிவிட்டன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்காத பழைய கணினியைத் தூக்கிப்போட மனம் வராதவர்களுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. அது நமக்குப் புதியதும் அல்ல. 2011 முதல் அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது.

பழுது வந்தால் யார் பார்ப்பது? அதுதான் கேள்வி. மகாராஜபுரத்தில் கணினி நின்றால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தோ ராஜபாளையத்திலிருந்தோ ஆள் வரவேண்டும். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி செல்லும் கூட்டம் நம் வட்டாரத்தில் நிறையும் நாளில் அரைநாள் பில் நின்றால், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். மெக்கானிக் தன் இடத்தில் இருந்தபடியே நம் கணினியைத் திறந்து சரிசெய்ய உதவுவதுதான் 'ரிமோட் டெஸ்க்டாப்' மென்பொருள்.

இதில் இலவசம் என்பதிலேயே இரண்டு வகை உண்டு. டீம்வியூவர், எனிடெஸ்க் ஆகிய இரண்டு ஜெர்மன் மென்பொருள்களும் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். கடையில் வைத்து ஓட்டினால் வியாபார உபயோகம் என்று கண்டு இணைப்பைத் துண்டிக்கவும் கூடும். சாம்பிள் பொட்டலத்தைப் பிரித்து விற்பனைக்கு வைப்பது போன்றது அது. முறையும் அல்ல, நிலைக்கவும் செய்யாது.

மூலநிரலைத் திறந்து வைத்திருப்பவை மற்றொரு வகை. 1990களில் கேம்பிரிட்ஜில் பிறந்த வி.என்.சி. வழி வந்த டைகர்வி.என்.சி.யும், ரஸ்ட்டெஸ்க்கும் இதில் அடங்கும். இவற்றின் உரிமம் கடை உபயோகத்தைத் தடுப்பதில்லை. ஆனால் சரக்கு இலவசம் என்றாலும் ஏற்றுகூலி, இறக்குகூலி நம்முடையது. நிறுவுவது, புதுப்பிப்பது, கடவுச்சொல்லைக் காப்பது எல்லாம் நம் பொறுப்பு. வி.என்.சி.யைப் பாதுகாப்பு ஏற்பாடின்றி நேராக இணையத்தில் திறந்துவிட்டால், கல்லாவைத் தெருவில் வைத்தது போலத்தான்.

கட்டண வகையில் மேற்கண்ட ஜெர்மன் நிறுவனங்களும் உண்டு; சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் 'அசிஸ்ட்' மென்பொருளும் உண்டு. இவை லினக்ஸிலும் இயங்கும். காசுக்கு ஈடாக, சிக்கல் வந்தால் கேட்பதற்கு ஆள் கிடைக்கும். யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவும் கிடைக்கும். சந்தாவை நிறுத்தினால் அந்தச் சேவையும் நிற்கும். கட்டணம் கட்டியதாலேயே பூட்டு உடையாது என்றும் எண்ண வேண்டாம். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களில் ஊடுருவல் நடந்ததாக அறிவித்தது.

ஆகவே விலையைக் கேட்குமுன் சாவி யார் கையில் இருக்கும் என்று கேட்க வேண்டும். நம் கொள்முதல் விலை, சில்லறைக் கடைக்காரர்களின் பற்றுவரவு, வங்கிக் கணக்கு எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. இத்தகைய மென்பொருளைக் கைப்பேசியில் ஏற்றச் சொல்லிப் பணத்தைச் சுருட்டும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது.

ஒரு கடை, ஒரு கணினி, நம்பகமான மெக்கானிக் என்றால் திறந்த மூலநிரல் மென்பொருளே போதும். சந்தாவுக்கு ஆகும் தொகையை அவருக்கே கூலியாகக் கொடுக்கலாம். கடை, கிட்டங்கி, கிளை என்று பல இடங்களில் கணினி இருந்து, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால் கட்டணம் கட்டுவதே மேல். எதுவானாலும் முதலில் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிய லினக்ஸ் பதிப்புகளில் வரும் 'வேலண்ட்' திரைமுறையில் சில மென்பொருள்கள் தடுமாறும்.

ஒவ்வொரு முறையும் நாம் அனுமதித்த பிறகே உள்ளே வரும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். வேலை முடியும்வரை திரை முன் ஒருவர் இருக்க வேண்டும். வங்கிப் பக்கத்தை மூடிவிட வேண்டும். மெக்கானிக் மாறினால் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். முகம் தெரியாதவர் போனில் அழைத்து எதையாவது நிறுவச் சொன்னால் மறுத்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

கிட்டங்கிச் சாவியை யாரிடம் கொடுத்தோம் என்பது நமக்கு எப்போதும் நினைவிருக்கும். கணினியின் சாவிக்கும் அதே கவனம் வேண்டும்.