மலைத் தோட்டத்து அரை நிழலில் ஃபுக்சியா வளர்ப்பு

நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் பயிரிடும் சிறு விவசாயிகளின் வீட்டைச் சுற்றி, காய்கறிக்கு ஒத்துவராத அரை நிழல் இடம் சிறிது இருக்கவே செய்யும். வீட்டின் கிழக்குப் புறம், மரத்தடி, மாட்டுக் கொட்டகையின் ஓரம் போன்ற இந்த இடங்களைச் சும்மா விட்டுவிடாமல் தொட்டியில் ஃபுக்சியா வளர்க்கலாம். கோடையில் மலைக்கு வருவோரிடம் விற்றால் சிறு உபரி வருமானம் கிடைக்கும். ஆனால் முறை தெரியாமல் வளர்த்தால் சில நாட்களிலேயே வரிசை வரிசையாகச் சாகக்கூடிய செடியும் இதுவே. ஆகவே இதன் இயல்பை அறிந்து இறங்குவது நலம்.

செடியின் இயல்பு

ஜிமிக்கி போலத் தலைகீழாகத் தொங்கும் பூ இது. மேலே குழல், அதிலிருந்து விரிந்த நான்கு புல்லி இதழ்கள், உள்ளே பாவாடை போன்ற அல்லி இதழ்கள், கீழே நீண்டு தொங்கும் மகரந்தத் தாள்கள் என்று அமைந்திருக்கும். உள்ளிதழ் நான்கு மட்டும் இருந்தால் ஒற்றை ரகம். எட்டும் அதற்கு மேலும் இருந்தால் அடுக்கு ரகம்.

பிரெஞ்சு நாட்டுத் தாவர அறிஞர் பிளூமியே, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கரிபியன் கடலிலுள்ள இஸ்பானியோலா தீவில் இச்செடியைக் கண்டார். ஜெர்மானிய மருத்துவர் லியோன்ஹார்ட் ஃபூக்ஸ் நினைவாக இப்பெயரை இட்டார். இயற்கை இனங்கள் சுமார் 110. அவற்றில் பெரும்பாலானவை தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைகளின் குளிர்ந்த, ஈரமான காட்டோரங்களில் வளர்பவை. இவற்றில் சிலவற்றை ஒட்டுச் சேர்த்துப் பெற்றவையே இன்று தோட்டங்களில் காணும் ஆயிரக்கணக்கான கலப்பின ரகங்கள்.

மலைக்காட்டுச் செடியானதால் இதற்குக் கடும் வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது. ஈரம் வேண்டும். ஆனால் தேங்கிய நீர் கூடாது. சாகுபடி முறைகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இடம்

பகலில் 15 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் உள்ள இடம் மிக ஏற்றது. 27 டிகிரிக்கு மேல் நீடித்தால் மொட்டு உதிரும், பூ சிறுக்கும். சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையும், சுமார் 1,850 மீட்டர் உயரத்திலுள்ள குன்னூரும் இதற்குப் பொருந்தும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் விழுந்து, பிற்பகலில் நிழல் இருக்க வேண்டும். முழு நிழலில் செடி நெட்டையாக வளருமே தவிர, பூ குறையும்.

நாற்று தயாரித்தல்

கலப்பின ரகங்களை விதையிலிருந்து வளர்த்தால் தாய்ச்செடியின் குணம் மாறிவிடும். எனவே தண்டுத் துண்டுகளையே நட வேண்டும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில், மொட்டு இல்லாத இளம் பச்சை நுனிகளை 5 முதல் 8 சென்டிமீட்டர் நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்ட வேண்டும். அடி இலைகளை நீக்கிவிட்டு, ஆற்று மணலும் சலித்த இலைமக்கும் சமமாகக் கலந்த தட்டில் ஊன்றி, நிழலில் வைக்க வேண்டும். மூன்று, நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும்.

வேர் பிடித்த நாற்றை நேராகப் பெரிய தொட்டிக்கு மாற்றுவது தவறு. சிறு வேர் உறிஞ்ச முடியாத ஈரம் பெரிய தொட்டியில் தங்கி வேரை அழுக வைக்கும். முதலில் 10 சென்டிமீட்டர் தொட்டி, அதில் வேர் நிறைந்த பின் 15 அல்லது 20 சென்டிமீட்டர் தொட்டி என்று படிப்படியாக மாற்ற வேண்டும்.

செம்மண், இலைமக்கு, நன்கு மக்கிய தொழு உரம், மணல் நான்கையும் சம பங்காகக் கலந்து கொள்ளலாம். தொட்டியின் அடித்துளை மேல் ஓட்டுச் சில்லு வைத்து நிரப்ப வேண்டும்.

நுனி கிள்ளுதல்

ஃபுக்சியா புதுத் தளிரின் இலைக் கக்கங்களில்தான் பூக்கும். தளிர் எத்தனையோ அத்தனைக்குப் பூவும் மிகும். நாற்று மூன்று ஜோடி இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் ஆறு கிளைகள் வெடிக்கும். ஒவ்வொரு கிளையும் இரண்டு ஜோடி இலை விட்டதும் மறுபடி கிள்ளினால் 24 நுனிகள் கிடைக்கும். செடியும் குட்டையாக, உருண்டு நிற்கும்.

கடைசியாகக் கிள்ளிய நாளிலிருந்து ஒற்றை ரகம் பூக்கச் சுமார் 8 வாரம், அடுக்கு ரகம் பூக்கச் சுமார் 10 வாரம் ஆகும். குளிர் மிகுந்தால் ஓரிரு வாரம் கூடும். மே மாதச் சந்தைக்குப் பூவோடு தொட்டி வேண்டுமானால், அடுக்கு ரகத்தைப் பிப்ரவரி மூன்றாம் வாரத்திலும், ஒற்றை ரகத்தை மார்ச் முதல் வாரத்திலும் கிள்ளி நிறுத்திவிட வேண்டும். ஏப்ரலில் கிள்ளினால் கூட்டம் இறங்கிப் போன பின் பூத்து நிற்கும். விற்காத செடிகளை ஜூன் இறுதியில் மூன்றில் ஒரு பங்கு கவாத்து செய்து, ஜூலை நடுவில் கடைசியாகக் கிள்ளினால் செப்டம்பர், அக்டோபர் பருவத்திற்கு உதவும்.

நீரும் உரமும்

இச்செடி சாவதற்கு முக்கியக் காரணம் தண்ணீர்ப் பஞ்சமல்ல, தண்ணீர் மிகுதியே. வெயில் ஏறிய நண்பகலில் மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கும். இதைக் கண்டு மேலும் நீர் ஊற்றினால் வேர் மூச்சு முட்டி அழுகும். வேர் அழுகியதால் இலை மேலும் வாடும். அதற்கு மறுபடி நீர் ஊற்றினால் செடி போய்விடும். எனவே முதலில் தொட்டியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் நிழலுக்கு மாற்றினால் போதும், மாலையில் தானே நிமிரும். லேசாக இருந்தால் மட்டுமே, அடித்துளையில் வடியும்வரை நீர் விட வேண்டும்.

ஒரு லிட்டர் நீரில் ஒரு கிராம் 19:19:19 உரம் கரைத்து வாரம் ஒரு முறை ஊற்றலாம். மொட்டு கட்டியதும் சாம்பல் சத்து மிகுந்த உரத்துக்கு மாற்ற வேண்டும். வாடிய பூவையும் காயையும் அவ்வப்போது நீக்கினால் பூப்பு நீளும்.

பூச்சியும் நோயும்

இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத் தூள் தென்பட்டால் அது துரு நோய். அந்த இலைகளைப் பறித்து எரித்துவிட்டு, தொட்டிகளை இடைவெளி விட்டு வைக்க வேண்டும். இலை மேல் நீர் தெளிக்கக் கூடாது. மழைக் காலத்தில் சாம்பல் பூஞ்சணம் வராமலிருக்கக் கூரையடியில் காற்றோட்டம் தேவை. வெள்ளை ஈக்கும் அசுவினிக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளிக்கலாம். இளந்தளிர் கருகக்கூடுமாதலால் முதலில் இரண்டு செடிகளில் தெளித்துப் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பனி விழும் பள்ளத்தாக்குகளில் இரவில் தொட்டிகளைக் கூரைக்குள் எடுத்து வைப்பது அவசியம்.

வெளிநாட்டுத் துண்டுகளை யாரேனும் பையில் கொண்டு வந்து கொடுத்தால் வாங்கக் கூடாது. கலிபோர்னியாவில் 1981இல் நுழைந்த ஃபுக்சியா சிலந்திப் பேன், தளிர்களைச் சுருட்டி வீங்கச் செய்து தோட்டங்களை அழித்தது. அப்பேன் பின்னர் ஐரோப்பாவுக்கும் பரவியது.

விற்பனையில் நேர்மை

கோயம்புத்தூர், சென்னை போன்ற சமவெளி ஊர்களின் கோடையை இச்செடி தாங்காது. வாங்குவோரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விற்றால் இந்த ஆண்டு தொட்டி விற்கும். ஆனால் வாங்கிச் சென்றவர் அடுத்த ஆண்டு அந்தப் பக்கமே வரமாட்டார். குளிர்ந்த ஊர்க்காரர்களும் மலையிலேயே வசிப்போரும்தான் நிலையான வாடிக்கை.

கடன் வாங்கி நிழல் கூடாரம் போட்டு ஆயிரம் தொட்டியோடு தொடங்குவது வேண்டாம். முதல் ஆண்டு 50 தொட்டி போதும். தொட்டி, கலவை, உழைப்பு ஆகிய செலவோடு, எத்தனை செடி செத்தது, எத்தனை விற்றது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கு லாபம் காட்டினால் அடுத்த ஆண்டு பெருக்கலாம். காட்டாவிட்டாலும் காய்கறி நிலம் அப்படியே இருக்கும், வீட்டு முற்றமும் பூவோடு இருக்கும்.