புத்தகமே குரு

ரகசியக் குழுக்களுக்குள் கைமாறிவந்த விக்கா வழிபாட்டை, படம் போட்ட ஆரம்பப் பாடநூல்கள் தனியாளின் மதமாக மாற்றிய கதை

கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தி. ஒரு கோப்பை. ஒரு மரக்கோல். ஐந்து முனை நட்சத்திரம் பொறித்த ஒரு தட்டு. இவற்றை மேஜை மீது எப்படி அடுக்குவது என்று காட்டும் ஒரு வரைபடம்: இடப்பக்கம் தேவிக்கு, வலப்பக்கம் தேவனுக்கு. விக்காவைப் புதிதாகக் கற்க விரும்புவோருக்காக எழுதப்பட்ட புத்தகங்களைப் புரட்டினால் பெரும்பாலும் இந்தப் படம் கண்ணில் படும். அடுத்த பக்கங்களில் நிலவின் வளர்பிறை, தேய்பிறை அட்டவணை, எந்தக் காரியத்துக்கு என்ன நிற மெழுகுவர்த்தி என்ற பட்டியல், மூலிகைகளின் சித்திரங்கள். பாதி சமையல் குறிப்பு, பாதி பள்ளிப் பாடநூல் என்று தோன்றும்.

தோற்றத்தைப் பார்த்து எடைபோடக் கூடாது. ஒரு மதத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைக் குருமார்களின் கையிலிருந்து பறித்தவை இந்தப் புத்தகங்கள்தான்.

விக்கா 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் வெளிச்சத்துக்கு வந்த மதம். இயற்கையைப் புனிதமாகக் கருதுவது, ஒரு தேவியையும் ஒரு தேவனையும் வழிபடுவது, ஆண்டுக்கு எட்டுப் பண்டிகைகள், மந்திரச் சடங்குகள் ஆகியவை இதன் அடையாளங்கள். சாத்தானுக்கு இதில் இடமே இல்லை. யாருக்கும் தீங்கு வராதவரை விருப்பம்போல் நடக்கலாம் என்பதுதான் முதல் நெறி. ஆனால் இதைப் பின்பற்றுபவர்கள், ஆண்கள் உள்பட, தங்களை 'விட்ச்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். தமிழில் சூனியக்காரி என்று நாம் சொல்லும் அதே வார்த்தை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தேயிலைத் தோட்டத்திலிருந்து

விக்காவை உலகுக்கு அறிவித்த ஜெரால்ட் கார்ட்னர் (1884-1964) சாமியாரோ தத்துவவாதியோ அல்ல. 1900ல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். பிறகு போர்னியோ, மலாயா. மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து 1936ல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தி பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். கத்திகள் மீது அவருக்கு இருந்த மோகம் பின்னாளில் அவர் பரப்பிய சடங்குகளிலும் தெரிந்தது.

இங்கிலாந்து திரும்பிய பின், 1939ல் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு பழைய ரகசியக் குழு தனக்குத் தீட்சை அளித்தது என்றார் கார்ட்னர். அன்று அதை வெளியே சொல்வது ஆபத்து. மந்திர சக்தி இருப்பதாகப் பாவனை செய்பவர்களைத் தண்டிக்கும் 1735ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்தது. எனவே 1949ல் தனக்குத் தெரிந்த சடங்குகள் சிலவற்றை நாவல் என்ற போர்வையில், புனைபெயருடன் சேர்த்து அச்சிட்டார். 1951ல் அந்தச் சட்டம் ரத்தானது. மூன்றே ஆண்டுகளில் 'விட்ச்க்ராஃப்ட் டுடே' வெளிவந்தது.

அந்த 1954ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் படித்து யாரும் எதையும் செய்து பார்க்க முடியாது. ஏதோ ஒரு பழங்குடியை ஆராய வந்த மானுடவியலாளர் போல எட்ட நின்று பேசினார் கார்ட்னர். அதிலிருந்த புகைப்படங்கள் மான் தீவில் இருந்த அருங்காட்சியகத்தைக் காட்டின. சடங்கின் செய்முறையைக் காட்டவில்லை. செய்முறை எல்லாம் 'நிழல்களின் புத்தகம்' என்ற கையெழுத்துப் பிரதியில் இருந்தது. தீட்சை பெற்றவர் மட்டும் தன் கையால் அதைப் படியெடுத்துக்கொள்ளலாம். ஆணுக்குப் பெண்ணும், பெண்ணுக்கு ஆணும் தீட்சை தர வேண்டும். மூன்று படிநிலைகள். நம் ஊர் குரு-சிஷ்யப் பரம்பரைக்கு ஏறக்குறைய சமமான ஏற்பாடு. குழுவில் சேர அறிமுகம் வேண்டும். அறிமுகம் கிடைக்காதவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

பதினைந்து பாடங்கள்

கதவு ஒரே நாளில் திறந்துவிடவில்லை. 1971ல் லேடி ஷீபா என்ற பெயரில் எழுதிய அமெரிக்கப் பெண்மணி தன்னிடமிருந்த 'நிழல்களின் புத்தக'த்தை அச்சிலேயே கொண்டுவந்தார். ரகசியச் சத்தியத்தை மீறிவிட்டார் என்று கண்டனம் எழுந்தது. 1978ல் இன்னும் பெரிய திருப்பம். கார்ட்னரிடமே தீட்சை பெற்று, சடங்குகளுக்கான வாசகங்கள் பலவற்றைத் திருத்தி எழுதிய டோரீன் வேலியன்ட், தனக்குத்தானே தீட்சை செய்துகொள்ளும் முறையைத் தன் புத்தகத்தில் சேர்த்தார். முதல் விட்சுக்குத் தீட்சை கொடுத்தது யார் என்பது அவருடைய வாதம். பரம்பரைக்காரர்களுக்கு அதற்குச் சுலபமான பதில் இருக்கவில்லை.

விக்காவை அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவரான ரேமண்ட் பக்லண்ட் (1934-2017) இதை முழுப் பாடத்திட்டமாகவே ஆக்கினார். 1986ல் வெளியான அவரது 'கம்ப்ளீட் புக் ஆஃப் விட்ச்க்ராஃப்ட்' ஒரு பயிற்சிநூல். பெரிய அளவுத் தாள், பதினைந்து பாடங்கள், நிறையப் படங்கள். பலிபீடம் அமைப்பது, சடங்குக்கான அங்கி தைப்பது, கத்தியைத் தயார் செய்வது எல்லாவற்றுக்கும் விளக்கம். ஒவ்வொரு பாடத்துக்கும் தேர்வுக் கேள்விகள். விடைகள் புத்தகத்தின் கடைசியில். அஞ்சல்வழிக் கல்வி கற்றவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. மறுபதிப்பின் அட்டை நிறத்தால் 'பெரிய நீலப் புத்தகம்' என்ற செல்லப் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1988ல், ஸ்காட் கன்னிங்ஹாம் எழுதிய 'விக்கா: எ கைட் ஃபார் த சாலிட்டரி ப்ராக்டிஷனர்' வந்தது. தலைப்பிலேயே தீர்ப்பு இருந்தது: தனியாகச் செய்பவருக்கான கையேடு. குழு வேண்டாம், குரு வேண்டாம், சத்தியப் பிரமாணம் வேண்டாம். எளிய நடை, பலிபீட வரைபடம், குறியீடுகள், கடைசியில் படித்தவுடன் பயன்படுத்தக்கூடிய ஒரு முழு 'நிழல்களின் புத்தகம்'. கன்னிங்ஹாம் 1993ல், 36 வயதில் இறந்துவிட்டார். புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது.

இந்த இரு புத்தகங்களுக்கும் லேடி ஷீபாவின் புத்தகத்துக்கும் பதிப்பாளர் ஒருவரே: அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த லூவலின். 1901ல் ஜோதிட வெளியீடுகளோடு தொடங்கிய நிறுவனம். கார்ட்னர் குழு குழுவாக வளர்த்ததை லூவலின் பிரதி பிரதியாக வளர்த்தது.

படங்கள் செய்யும் வேலை

இந்தப் புத்தகங்களில் படம் அலங்காரம் அல்ல. குழுவில் சேர்ந்தவருக்கு மூத்தவர் கையைப் பிடித்துக் காட்டுவார். ஒன்பதடி விட்டமுள்ள வட்டத்தை எங்கிருந்து தொடங்குவது, எந்தப் பக்கம் சுற்றுவது, நட்சத்திரத்தைக் காற்றில் வரையும்போது எந்த முனையில் ஆரம்பிப்பது என்பதெல்லாம் பார்த்துப் பழக வேண்டியவை. தனியாள் யாரைப் பார்ப்பது? அம்புக்குறி போட்ட படத்தைத்தான். கிழக்குக்குக் காற்று, தெற்குக்கு நெருப்பு, மேற்குக்கு நீர், வடக்குக்கு நிலம் என்று திசை குறித்த ஒரு வட்டம், மூன்று பக்க விளக்கம் செய்ய முடியாததை ஒரு பார்வையில் செய்துவிடுகிறது.

படத்துக்கு எல்லையும் உண்டு. ஆண்டுச் சக்கரம் என்ற வட்டப் படத்தில் எட்டுப் பண்டிகைகளும் தேதியோடு இருக்கும். அக்டோபர் 31 அறுவடையின் முடிவு. டிசம்பரில் ஆண்டின் நீண்ட இரவு. மே 1 வசந்தத்தின் உச்சம். இது பிரிட்டனின் பருவநிலை. ஆஸ்திரேலியாவில் விக்கா பின்பற்றுபவர்கள் பலர் சக்கரத்தை ஆறு மாதம் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள். மே முதல் தேதி நாகபுரியில் வெயில் சாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். அங்கே ஒருவர் இந்தப் படத்தைப் பார்த்து வசந்தத்தைக் கொண்டாடினால் அது இயற்கை வழிபாடு ஆகாது. அச்சிட்ட தாளை வழிபடுவதாகத்தான் ஆகும். நல்ல ஆரம்ப நூல்கள் இதை உணர்ந்து, உன் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் பருவத்தைப் பார் என்று சொல்கின்றன.

சறுக்கிய அத்தியாயம்

ஆரம்ப நூல்களின் பலவீனம் செய்முறையில் இல்லை, சரித்திரத்தில் இருந்தது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய மதம் கற்காலம் தொட்டு அறுபடாமல் வந்தது, அதுவே விக்கா என்று அவற்றில் பல எழுதின. இந்தக் கருத்துக்கு அறிவுலக அந்தஸ்து தந்தவர் 1863ல் கல்கத்தாவில் பிறந்த மார்கரெட் மர்ரே. எகிப்தியல் நிபுணரான அவர், வேட்டையாடப்பட்ட சூனியக்காரிகள் ஒரு பழைய மதத்தின் அடியார்கள் என்று 1921ல் வாதிட்டார். கார்ட்னரின் 1954ஆம் ஆண்டுப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியதும் அவரே. பின்வந்த வரலாற்றாசிரியர்கள் அவருடைய ஆதாரங்களைச் சரிபார்த்து அந்த வாதத்தை நிராகரித்துவிட்டார்கள்.

இன்னொரு தவறு, எண்ணிக்கை. ஐரோப்பாவில் 90 லட்சம் பேர் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டதாகக் கார்ட்னரும் எழுதினார், அவருக்குப் பின் வந்தவர்களும் எழுதினார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியர் போட்ட உத்தேசக் கணக்கிலிருந்து வந்தது. நீதிமன்றப் பதிவுகளை ஆராய்ந்த இன்றைய வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு சுமார் 40,000 முதல் 60,000 வரை. அமெரிக்காவின் சேலத்தில் 1692ல் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அங்கே யாரையும் எரிக்கவில்லை. உண்மையான எண்ணிக்கையே போதுமான கொடூரம். அதை ஊதிப் பெருக்க அவசியம் இருக்கவில்லை.

1999ல் பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 'த ட்ரையம்ஃப் ஆஃப் த மூன்' நூலில் விக்கா நவீன காலத்தில் உருவான மதம் என்பதை விரிவாக நிறுவினார். விக்காவைப் பழிப்பது அவர் நோக்கமல்ல. இங்கிலாந்து உலகுக்கு அளித்த மதம் என்றே அதைப் பார்த்தார். அதன் பின் வந்த ஆரம்ப நூல்கள் பலவற்றில் சரித்திர அத்தியாயம் அடக்கமாகிவிட்டது. இலையுதிர்காலப் பண்டிகைக்கு வழங்கும் 'மேபன்' என்ற பெயர் 1970களில் ஓர் அமெரிக்கர் சூட்டியது என்பதை இன்று அதைக் கொண்டாடுபவர்களில் பலர் கூச்சமின்றி ஒப்புக்கொள்கிறார்கள். வயது குறைந்துவிட்டதால் வழிபாட்டின் பொருள் குறைந்துவிடவில்லை.

பெருகிய வாசகர், எழுந்த முணுமுணுப்பு

1990களில் இந்தப் புத்தகங்களின் சந்தை வேகமாக விரிந்தது. 1996ல் 'த க்ராஃப்ட்' திரைப்படமும், 1998ல் 'சார்ம்ட்' தொலைக்காட்சித் தொடரும் இளம்பெண்களிடையே ஆர்வத்தைக் கிளறின. 1998லேயே சில்வர் ரேவன்வுல்ஃப், பதின்வயதினருக்கென்றே 'டீன் விட்ச்' எழுதினார். அமெரிக்க மத அடையாள ஆய்வின்படி 1990ல் அந்நாட்டில் தங்களை விக்கா என்று சொல்லிக்கொண்டவர்கள் சுமார் 8,000 பேர். 2001ல் 1,34,000. 2008ல் 3,42,000. வெளியே சொல்லும் துணிச்சல் கூடியதும் இதற்கு ஒரு காரணம். 2007ல் இறந்த ராணுவத்தினரின் கல்லறைக் கல்லில் ஐந்து முனை நட்சத்திரத்தைப் பொறிக்க அமெரிக்க அரசு அனுமதித்தது.

பழைய குழுக்களைச் சேர்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மெழுகுவர்த்தியும் மந்திரமும் விற்கின்றன, கடமையும் கட்டுப்பாடும் விற்பதில்லை என்பது அவர்கள் குறை. அதில் நியாயம் உண்டு. காதலுக்கு ஒன்று, பணத்துக்கு ஒன்று என்று மந்திரங்களை மட்டும் அடுக்கும் புத்தகங்கள் ஏராளம். ஆனால் சிற்றூரில் தனியாக வாழும், அறிமுகம் செய்து வைக்க யாருமில்லாத ஒருவருக்குப் புத்தகத்தை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. குழுவுக்குள் குரு தவறு செய்தால் சிஷ்யருக்குப் புகலிடம் கிடையாது. புத்தகத்தை மூடி வைத்துவிடலாம்.

வார்த்தையின் விலை

இந்தியாவில் இந்தப் பெயரை வெளிப்படையாக ஏற்றவர் கொல்கத்தாவின் இப்சிதா ராய் சக்ரவர்த்தி. 1986ல் தன்னை விட்ச் என்று பகிரங்கமாக அறிவித்தார். அவருடைய 'பிலவட் விட்ச்' 2000ல் வெளிவந்தது. நகரத்து வரவேற்பறையில் பேசியதோடு நிற்காமல், கிராமப்புறப் பெண்களிடமும் சென்று விக்கா பற்றிப் பேசினார். காரணம் வெளிப்படை. அவர் விரும்பிச் சூடிக்கொண்ட அதே பெயரை ஊரார் சூட்டினால் இங்கே உயிர் போகும்.

ஜார்க்கண்டின் சராய்கேலா-கர்சாவான் பகுதியைச் சேர்ந்த சுட்னி மஹதோவை 1995ல் 'டாயன்', அதாவது சூனியக்காரி, என்று முத்திரை குத்தி ஊரார் கொடுமைப்படுத்தினார்கள். அவர் தப்பிப் பிழைத்து, அதே முத்திரை விழுந்த பல பெண்களைக் காப்பாற்றினார். 2021ல் பத்மஸ்ரீ பெற்றார். பிகார் 1999ல் இந்தக் கொடுமைக்கெதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான், அசாம் பின்தொடர்ந்தன. ஆனாலும் தேசியக் குற்றப் பதிவு அலுவலகம் கொலைக்கான காரணங்களில் மாந்திரீகத்துக்கென்று இன்றும் ஒரு தனி வரிசை வைத்திருக்கிறது. 2022ல் அந்த வரிசையில் 85 உயிர்கள்.

நில வழக்கு, வாரிசு இல்லாத விதவை, காய்ச்சலில் இறந்த குழந்தை; முத்திரைக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஏதாவது இருக்கும். இந்தப் பெண்களில் யாரும் வட்டம் வரைந்தவர்கள் அல்ல, மெழுகுவர்த்தி ஏற்றியவர்களும் அல்ல. விக்கா புத்தகங்கள் எதுவும் அவர்களுக்காக எழுதப்படவில்லை.

புதியவர் புத்தகத்தைத் திறந்தால் பலிபீடத்துக்கு முன்பே பெரும்பாலும் ஒரு விளக்கம் வரும்: இது சாத்தான் வழிபாடு அல்ல, விட்ச் என்றால் தீயவள் அல்ல. அமெரிக்க வாசகருக்கு அது அக்கம்பக்கத்தாரைச் சமாளிக்க உதவும் பத்தி. இந்திய வாசகர் அதை அவசரமாகத் தாண்டிப் போகக் கூடாது. அந்தப் பெயரைத் தானே தேர்ந்தெடுத்து, பிடிக்காதபோது கீழே வைத்துவிட முடிவது ஒரு சலுகை. சுட்னி மஹதோவுக்கு அது கிடைக்கவில்லை.