அரிசிப் பானை உணர்த்தும் அறம்

இல்லத்தில் அரிசி தீர்ந்துபோனால், பழைய தலைமுறைப் பெண்மணிகள் ‘அரிசி இல்லை’ என்று சொல்வதில்லை. ‘அரிசி நிறைந்திருக்கிறது, வாங்கிவர வேண்டும்’ என்பார்கள். நெல் அளப்பவரும் முதல் மரக்காலை ‘ஒன்று’ என எண்ணாமல், ‘லாபம்’ என்று சொல்லியே தொடங்குவார். அன்னம் இருக்கும் இடத்தில் மங்கலச் சொல்லே ஒலிக்க வேண்டும் என்பது முன்னோர் வகுத்த நியதி.

பிறப்பு முதல் இறுதிவரை அரிசி மனிதனுடன் வருகிறது. குழந்தைக்கு அன்னப்பிராசனம், விஜயதசமியன்று தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரல் பிடித்து எழுதும் முதல் எழுத்து, திருமணத்தில் பெரியோர் தூவும் அட்சதை, முடிவில் உற்றார் இடும் வாய்க்கரிசி. ‘அட்சதம்’ என்ற வடசொல்லுக்கு முறியாதது, குறைவுபடாதது என்று பொருள். ஆகவேதான் நொய்யை விலக்கி, முனை முறியாத பச்சரிசியில் மஞ்சள் கலக்கின்றனர். வாழ்த்தப்படுவோரின் வாழ்வும் முறிவின்றி நிறைய வேண்டும் என்ற பிரார்த்தனை அதில் அடங்கியிருக்கிறது.

எறும்பும் மீனும் விருந்தினர்

வைகறையில் வாசலில் இடும் அரிசிமாக் கோலம், திருமகளை வரவேற்பதோடு எறும்புக்கும் உணவாகிறது. வடித்த சோற்றின் முதல் பிடி, முன்னோரை எண்ணிக் காக்கைக்கு வைக்கப்படுகிறது. ஆலயங்களிலும் இதே நெறிதான். ஐப்பசிப் பௌர்ணமியன்று சிவபெருமானுக்கு அன்னாபிஷேகம் நடைபெறுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் பேருருவ லிங்கத் திருமேனிகள் அன்னத்தால் அலங்கரிக்கப்படுகின்றன. பூஜைக்குப் பின் அந்த அன்னம் அடியார்களுக்குப் பிரசாதமாகிறது. ஒரு பகுதி நீர்நிலையில் மீன்களுக்கு இடப்படுகிறது.

ஒரு பிடியின் பெருமை

உலைக்கு அரிசி களையுமுன் ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்ப்பது இல்லறத்தாரின் மற்றொரு வழக்கம். காஞ்சி மகா பெரியவர் இதனைப் ‘பிடி அரிசித் திட்டம்’ என்று ஊர்தோறும் வலியுறுத்தினார். நாள்தோறும் ஒரு பிடி அரிசியும் ஒரு சிறு நாணயமும் ஒதுக்க வேண்டும். சேர்ந்ததை அருகிலுள்ள ஆலயத்தில் சமைத்து, இறைவனுக்கு நிவேதித்து, ஏழைகளுக்கு வழங்க வேண்டும் என்பது அவருடைய அருளாணை.

ஒரு பிடியை ஏறத்தாழ 50 கிராம் எனக் கொண்டால், ஒரு மாதத்தில் 1½ கிலோ சேரும். ஒரு தெருவின் 20 இல்லங்கள் இணைந்தால் 30 கிலோ. எவருக்கும் பாரமாகாத தர்மம். ஆயினும் பசித்த பலருக்கு ஒருவேளை அமுது.

இன்று வாசல்களில் கல்மாவும் ஒட்டுக்கோலமும் வந்துவிட்டன; அவற்றில் எறும்புக்கு இரை இல்லை. மின்சார அடுப்பில் சமைக்கும் இளையோர் பலர், பிடி அரிசிக் கலயத்தைக் கண்டதே இல்லை. அதன் பொருளை அறிந்த தலைமுறை இன்னும் இல்லங்களில் இருக்கிறது. முதியோர் இருவர் மட்டுமே வாழும் வீட்டிலும் அந்தக் கலயத்துக்கு இடமுண்டு. விடுமுறைக்கு வரும் பேரக் குழந்தையின் சிறு கையால் ஒரு பிடியை அதில் இடச் செய்தால் போதும், ‘இது யாருக்கு?’ என்று குழந்தையே கேட்கும். அதற்குச் சொல்லும் விடையில் தர்மம் அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.